கார்பன் செராமிக் பிரேக்கைப் பழக்கிய இரண்டு விடியல்கள்

புதிய கார் வந்து சேர்ந்த முதல் வாரத்தில் என்னை ஏமாற்றிய ஒரே பாகம் அதன் பிரேக்தான். எஞ்சினின் ஓசையிலும் ஸ்டீயரிங்கின் துல்லியத்திலும் மனம் நிறைந்திருந்த எனக்கு, பெடலை மிதித்த ஒவ்வொரு முறையும் மரக்கட்டையை மிதிப்பது போன்ற உணர்வுதான் காலுக்குக் கிடைத்தது. மெதுவாக நகரும்போது முன்சக்கரங்களிலிருந்து கரகரவென்று ஓர் ஒலி வந்தது. காலையில் வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மிதிப்புகளில் கார் நான் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டியே நின்றது. சக்கர ஆரங்களுக்கு இடையே தெரியும் அந்தப் பெரிய சாம்பல் நிறக் கார்பன் செராமிக் டிஸ்க்குகளுக்காகக் கூடுதலாகச் செலவழித்துவிட்டு, வார்ப்பிரும்பு டிஸ்க் பூட்டிய என் பழைய காரைவிட மோசமாக நிற்கும் ஒன்றை வாங்கிவிட்டோமோ என்ற சந்தேகம் எழுந்தது.

காரை ஒப்படைத்தவர், "பிரேக்குக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம் சார், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. கார்பன் செராமிக் பிரேக்கைத் தொழிற்சாலையிலேயே பழக்கி அனுப்பும் நிறுவனங்கள் உண்டு; முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் போதும் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு; எந்த வேகத்திலிருந்து எந்த வேகத்துக்கு, எத்தனை முறை, எவ்வளவு அழுத்தத்தில் என்று படிப்படியாக அச்சிட்டுக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. என் காரின் கையேடு மூன்றாவது வகையைச் சேர்ந்தது என்பதை, கார் வந்த ஏழாம் நாள் அதை முதன்முறையாகப் பொறுமையாகப் புரட்டியபோதுதான் கண்டுகொண்டேன். ஆகவே கீழே நான் எழுதுவது என் காருக்கு நான் செய்தது. வேறொரு காருக்கு அதன் கையேடு சொல்வதே செல்லும்.

செய்முறைக்குப் போகும் முன், இந்த டிஸ்க் எப்படிப்பட்ட பொருள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பில் பழகிய கைகளும் கால்களும் செய்யும் தவறுகள் பெரும்பாலும் பொருளைப் புரிந்துகொள்ளாததால் வருபவை. துண்டுகளாக நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினுடன் கலந்து, அச்சில் இட்டு அழுத்தி டிஸ்க் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு காற்றில்லாத உலையில் ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் வரை சுடும்போது, பிசின் கரியாகி, உள்ளே எங்கும் நுண்துளைகள் நிறைந்த ஒரு தட்டு மிஞ்சுகிறது. அந்தத் தட்டின் மீது சிலிக்கானை வைத்து மீண்டும் சூடேற்றுகிறார்கள். 1,414 டிகிரியில் சிலிக்கான் உருகும். அதற்கும் மேலான வெப்பத்தில் அது நுண்துளைகளுக்குள் தானாகவே உறிஞ்சப்பட்டு, அங்குள்ள கரியுடன் வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடாக மாறுகிறது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் சிலிக்கான் கார்பைடு 9-க்கும் மேலே நிற்கிறது, வைரம் 10. அவ்வளவு கடினமான பீங்கான், அதை நொறுங்கவிடாமல் உள்ளிருந்து பிடித்துக்கொள்ளும் கார்பன் இழை: இந்த இரண்டின் கூட்டணிதான் கார்பன் செராமிக்.

இதை ஃபார்முலா 1 கார்களின் பிரேக்குடன் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். கான்கார்ட் விமானத்திலும், 1970-களின் பிற்பகுதியில் பிராபம் அணியின் காரில் தொடங்கி இன்றுவரை ஃபார்முலா 1-லும் பயன்பட்டு வருவது கார்பன்-கார்பன். அதாவது இழையும் கரி, இழைகளைப் பிணைப்பதும் கரி. அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும். சாலைக் கார்களில் வரும் கார்பன் செராமிக்கில் இருக்கும் சிலிக்கான் கார்பைடு, குளிர்ந்த நிலையிலும் ஓரளவு நல்ல உராய்வைத் தருவதற்காகவே அங்கே இருக்கிறது. போர்ஷே நிறுவனத்தின் 911 ஜிடி2 2001-லும் ஃபெராரியின் என்ஸோ 2002-லும் இந்தப் பிரேக்குடன் வந்தபோது, அவை பந்தயத் தடத்துக்கு மட்டுமான பிரேக்குகளாக விற்கப்படவில்லை. சாலையில் ஓடும் கார்களுக்காகவே செய்யப்பட்டவை. ஆகவே "செராமிக் என்றால் குளிரில் பிடிக்காது, அது அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. பழகாத பிரேக் குளிரில் பிடிக்காது என்பதே சரியான வாக்கியம்.

பழக்குவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? பேட், அதாவது பெடலை மிதிக்கும்போது டிஸ்க்கின் மேல் அழுந்தும் உராய்வுக் கட்டை, டிஸ்க்கைத் தேய்த்துப் பிடிப்பது ஒரு வகை உராய்வு. பேட்டிலிருந்து பெயர்ந்த பொருள் டிஸ்க்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து, அந்தப் படலமும் பேட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிவது இன்னொரு வகை உராய்வு. புதிய பிரேக்கில் முதல் வகை மட்டுமே இருக்கும். சீராகப் பிடிக்கும் பிரேக்கில் இரண்டாவது வகையே பெரும்பங்கு வகிக்கும். வார்ப்பிரும்பில் டிஸ்க்கும் பேட்டும் தேய்ந்து ஒன்றுக்கொன்று இசைந்துகொள்ளும். செராமிக் டிஸ்க் பேட்டுக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாத கடினமான பொருள் என்பதால், பேட்தான் டிஸ்க்கின் முகத்துக்கு ஏற்பத் தன்னைச் செதுக்கிக்கொள்ள வேண்டும். அது முடியும்வரை பேட்டின் சில மேடுகள் மட்டுமே டிஸ்க்கைத் தொடும். என் கால் உணர்ந்த அந்த மரக்கட்டைத் தன்மைக்குக் காரணம் இதுதான்: அழுத்தம் போதுமான அளவு போகிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் பரப்பு போதவில்லை.

இதனுடன் இன்னொரு வேலையும் இருக்கிறது. பேட்டைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் முதன்முறை நன்றாகச் சூடேறும்போது வாயுவை வெளியிடும். அந்த வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மெத்தைபோல் புகுந்துகொண்டு, பெடல் கெட்டியாக இருக்கும்போதே கார் நிற்க மறுக்கும் ஒரு நிலையை உண்டாக்கும். பச்சையான பேட்டுக்கு வரும் இந்தப் பிடிப்பிழப்பு, ஆளில்லாத சாலையில் நாமே வரவழைத்துக்கொண்டால் ஒரு வாசனையோடு முடிந்துவிடும். முன்னால் போகும் வண்டி திடீரென்று நிற்கும் நாளில் வந்தால் அது விபத்து. பிரேக்கைப் பழக்குவதில் வேறு எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதைச் செய்வேன்.

புதிய காரில் பழக வேண்டியது பிரேக் மட்டும் அல்ல என்பதால் வரிசை ஒன்று தேவைப்பட்டது. புதிய டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். அது சற்றுத் தேயும் முன் அழுத்திப் பிரேக் பிடித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முந்திக்கொண்டு வந்து அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும். அப்போது படலம் திட்டுத்திட்டாகப் படியும். ஆகவே டயர் முதலில். எஞ்சினுக்கும் அதன் பழக்கக் காலம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் பிரேக்கைக் காப்பாற்றப் போய் எஞ்சினை வருத்தியதாகிவிடும். கையேடு குறித்திருந்த சுழற்சி வரம்புக்குள்ளேயே வேகத்தை எட்டினேன். அதனால் இரண்டு மிதிப்புகளுக்கு இடையே கிடைத்த நீண்ட இடைவெளி பிரேக் ஆறுவதற்கும் உதவியது. முதல் 300 கிலோமீட்டரில் நான் செய்ததெல்லாம் சாதாரணமாக ஓட்டி, முன்கூட்டியே காலை எடுத்து, நிதானமாக நின்றது மட்டுமே.

சாலையைத் தேர்ந்தெடுப்பதில் நான் மிகவும் கறாராக இருந்தேன். நீளமாக, நேராக, முன்னும் பின்னும் வெகுதூரம் பார்வைக்கு எட்டும்படி, சிக்னல் இல்லாமல், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைச் சட்டம் அனுமதிக்கும் சாலையாக இருக்க வேண்டும். இந்த வேலையில் பின்னால் வரும் வண்டிதான் மிகப் பெரிய ஆபத்து. காரணமே இல்லாமல் வேகத்தைக் குறைக்கும் ஒரு காரின் பின்னால் வருபவர் எதற்கும் தயாராக இருக்கமாட்டார். அதனால் விடியற்காலை, உலர்ந்த தரை, பின்கண்ணாடியில் யாரும் இல்லாத நேரம். என் தம்பியைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளவும் பின்னால் பார்த்துச் சொல்லவும் ஏற்பாடு செய்துகொண்டேன். அவன் கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா, அகச்சிவப்புக் கதிரில் வெப்பம் அளக்கும் துப்பாக்கி ஒன்று. பளபளப்பான வார்ப்பிரும்பில் இந்தத் துப்பாக்கி பொய்க்கணக்குக் காட்டும். மங்கலான செராமிக் பரப்பில் அது ஓரளவு நம்பகமானது.

புறப்படும் முன் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் கார் ஆட்களோடு சேர்த்து ஏறக்குறைய 1,600 கிலோ. அது 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30-க்கு இறங்கும்போது பிரேக்குக்குள் போகும் ஆற்றல் ஏறத்தாழ 560 கிலோஜூல். அறை வெப்பநிலையில் இருக்கும் 1.8 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்சக்கரங்களுக்குப் போகும் என்று கொண்டால், முன்பக்க டிஸ்க் ஒன்றுக்குச் சுமார் 190 கிலோஜூல். ஆறு கிலோ எடையுள்ள செராமிக் டிஸ்க்கின் வெப்பம் இதனால் சராசரியாக 40 டிகிரி உயரும். அந்த நொடியில் மேற்பரப்பு அதைவிட மிக அதிகமாகச் சூடேறியிருக்கும் என்பது வேறு விஷயம். இந்தக் கணக்கில் எனக்கே வியப்பளித்த ஒன்று உண்டு. செராமிக் டிஸ்க்கின் எடை இரும்பு டிஸ்க்கில் ஏறக்குறைய பாதிதான், ஆனால் ஒரு கிலோவுக்கு அது ஏற்றுக்கொள்ளும் வெப்பம் இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு அருகில் இருப்பதால், ஒரே மிதிப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சூடேறுகின்றன. செராமிக்கின் சிறப்பு சூடேறாமல் இருப்பதில் இல்லை. இரும்பு வெடிப்பு விடத் தொடங்கும் வெப்பத்திலும் தளராமல் இருப்பதிலும், சக்கரத்தோடு மேலும் கீழும் துள்ளும் எடையைக் குறைப்பதிலும் இருக்கிறது.

முதல் விடியலில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. முதல் பத்து மிதிப்புகள் மென்மையானவை: 100-லிருந்து 30 வரை, 0.4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு) அளவில், அதாவது ஏறக்குறைய ஐந்து நொடி, 90 மீட்டர். பெல்ட் தோளை லேசாகத் தொடும், இருக்கையில் வைத்த நோட்டு முன்னால் நழுவாது. 30-ஐத் தொட்டதும் பெடலை முழுவதும் விட்டுவிட்டு, மீண்டும் மெதுவாக வேகம் எடுத்து, ஒரு கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே அடுத்த மிதிப்பு. "அண்ணா, நாலு ஆச்சு, பின்னால யாரும் இல்லை" என்று தம்பி சொல்லிக்கொண்டே வந்தான். ஆறாவது மிதிப்பு வரை காலுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. எட்டாவதில் கரகர ஒலி குறைந்து, அதற்குப் பதிலாகக் காகிதத்தை உள்ளங்கையால் நீவுவது போன்ற ஒரு மெல்லிய சீறல் கேட்டது.

அடுத்த கட்டம் அதே வேகங்களுக்கு இடையே இன்னும் அழுத்தமாக, 0.6 ஜி அளவில். அதில் நான்காவது மிதிப்பின்போதுதான் வாசனை வந்தது. புதிய மின்சாதனத்தை முதன்முறை சூடேற்றும்போது வருவது போன்ற, மூக்கின் உட்புறத்தைக் காயவைக்கும் நெடி. பிறகு வந்த மிதிப்பில் பெடல் அதே உயரத்தில், அதே கெட்டியுடன் இருந்தும், கார் குறையும் வேகம் சட்டென்று தளர்ந்தது. படித்துத் தெரிந்து வைத்திருந்தும், அடிவயிறு ஒரு கணம் காலியானது உண்மை. இப்படி வரும்போது பெடலை இன்னும் அழுத்தி வெல்லப் பார்க்கக் கூடாது. அதே அழுத்தத்தில் அந்த மிதிப்பை முடித்துவிட்டு, அடுத்ததற்கு முன் கூடுதலாக ஓட்டி ஆறவிட வேண்டும். அப்படியே செய்தேன். மூன்று மிதிப்புகளுக்குப் பிறகு பிடிப்பு திரும்பியது; திரும்பியது மட்டுமல்ல, அதுவரை இல்லாத ஓர் உடனடித்தன்மையுடன் வந்தது. பெடலில் கட்டைவிரல் வைத்ததும் கார் அதைக் கேட்டுக்கொண்டது.

அந்த மகிழ்ச்சியில்தான் பிசகு நேர்ந்தது. கடைசி மிதிப்பை முடித்துவிட்டு, ஆறவிடும் ஓட்டத்தைத் தொடங்க வேண்டிய நேரத்தில், பக்கத்துக் கிளைச்சாலையிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாகவே நகர்ந்து வந்து சாலையை அடைத்தது. வேறு வழியில்லாமல் முழுவதுமாக நிற்க நேர்ந்தது. சூடான பிரேக்குடன் நிற்கக் கூடாது, நின்றால் பெடலை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் நின்ற உடனே காலை எடுத்துவிட்டேன். கார் சமதளத்தில் அசையாமல் நின்றது. நான் நிம்மதியாக இருந்தேன். டாஷ்போர்டில் ஒரு சிறிய பச்சை விளக்கு எரிவதை, லாரி விலகிப் போக எடுத்துக்கொண்ட ஒரு நிமிடத்துக்குப் பிறகு தம்பிதான் சுட்டிக்காட்டினான். ஆட்டோ ஹோல்ட். நான் காலை எடுத்தேன். கார் என் சார்பில் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு முழு நிமிடம், சில நூறு டிகிரி வெப்பத்தில், பேட்டின் ஒரே முகம் டிஸ்க்கின் ஒரே இடத்தில் அழுந்தியிருந்தது. விளைவு அன்று மாலையே தெரிந்தது. 80-லிருந்து நிதானமாக வேகம் குறைக்கும்போது, ஸ்டீயரிங்கில் ஒரு மெல்லிய படபடப்பு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு துடிப்பு, வேகம் குறையக் குறைய அந்தத் துடிப்புகளின் இடைவெளியும் நீண்டது. இதற்குப் பெரும்பாலானோர் சொல்லும் பெயர் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பது. வார்ப்பிரும்பிலேயே இது பெரும்பாலும் தவறான நோய்க்கணிப்பு. டிஸ்க் வளைவதில்லை, பேட்டின் பொருள் ஓரிடத்தில் மட்டும் தடிப்பாக ஒட்டிக்கொள்கிறது. தலைமயிரின் தடிமனைவிடக் குறைந்த வேறுபாடுகூட, சுற்றுக்கு ஒருமுறை பேட்டைத் தள்ளி, காலுக்கும் கைக்கும் துடிப்பாகத் தெரியும். வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரிவடையும் செராமிக் டிஸ்க்கில் வளைவு என்ற பேச்சுக்கு இன்னும் குறைவான இடமே உண்டு.

வார்ப்பிரும்பாக இருந்தால் லேத்தில் ஏற்றி ஒரு மெல்லிய அடுக்கைச் சீவி எடுத்துவிடலாம். செராமிக் டிஸ்க்கைச் சாதாரணப் பட்டறையின் கருவிகளால் சீவ முடியாது. சீவ முயன்றால் கருவி மழுங்கும், டிஸ்க்கின் பாதுகாப்புப் பரப்பும் போகும். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வார்ப்பிரும்புக்கு இல்லாத ஒரு வசதி செராமிக்கில் இருக்கிறது. இரும்பில் ஒட்டிய திட்டு மிகையாகச் சூடேறினால், அதன் அடியில் இருக்கும் இரும்பே சிமென்டைட் என்ற கடினமான பொருளாக மாறிவிடும். பிறகு என்ன செய்தாலும் அந்த இடம் தனியே மேடாக நிற்கும். செராமிக் டிஸ்க்கில் அந்த மாற்றம் நடக்க வழியில்லை. ஒட்டியது மேற்பரப்பில் மட்டுமே ஒட்டியிருக்கிறது. மீண்டும் படிப்படியாகச் சூடேற்றித் தேய்த்தால் அது கரைந்து மற்ற இடங்களுடன் சமமாக வாய்ப்பு உண்டு.

ஆகவே மூன்று நாள் கழித்து இரண்டாம் விடியல். இந்த முறை எஞ்சினைக் கிளப்பியதும் முதலில் ஆட்டோ ஹோல்டை அணைத்தேன். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாகப் பிரேக் பிடிக்கும் க்ரூஸ் வசதியைத் தொடவே இல்லை. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெடலை மிதித்தாலும் முதலில் வேகத்தைக் குறைப்பது மின்மோட்டார்தான், பேட் டிஸ்க்கைத் தொடாமலேயே பாதி வேலை முடிந்துவிடும், ஆற்றலைத் திரும்பப் பெறும் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் பிரேக் பழகாது. என் காரில் அந்தச் சிக்கல் இல்லை.

இம்முறை அவசரமே படவில்லை. மென்மையான மிதிப்புகளைப் பதினைந்தாக உயர்த்தினேன். ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மாறாமல் இருக்கும்படி காலைப் பழக்கினேன். இதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி என்பது என் கருத்து. வேகம் குறையும்போது நம் கால் தன்னையறியாமல் அழுத்தத்தைக் கூட்டும், கடைசியில் சட்டென்று விடும். அப்படி விடும் இடத்தில் படலம் தடிக்கிறது. 30-ஐ நெருங்கும்போது நிறுத்தப்போவது போல் அல்லாமல், பெடலின் மேல் இருக்கும் காலை யாரோ மெதுவாகத் தூக்கிவிடுவது போல எடுக்க வேண்டும். பத்தாவது மிதிப்பு வரை படபடப்பு இருந்தது. பதின்மூன்றாவதில் தம்பி, "இப்ப ஸ்டீயரிங் ஆடலையே அண்ணா" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் நம்பிவிடப் பயமாக இருந்தது. அழுத்தமான மிதிப்புகளைத் தொடர்ந்தேன். முதல் நாள் வந்த நெடி இந்த முறை லேசாக மட்டுமே வந்து மறைந்தது. பிடிப்பிழப்பு வரவே இல்லை. பிசினின் வாயு முதல் விடியலிலேயே வெளியேறியிருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

இறுதி மிதிப்புக்குப் பிறகு பிரேக்கை ஏறக்குறைய தொடாமல், 20 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன். இந்த ஆறவிடும் ஓட்டத்தைப் பலர் சடங்காகக் கருதிச் சுருக்கிவிடுகிறார்கள். டிஸ்க்குக்குள் இருக்கும் காற்றோட்டக் குழிகள் சக்கரம் சுழலும்போதுதான் வேலை செய்யும். சூடான டிஸ்க்குடன் காரை நிறுத்தினால், அந்த வெப்பம் முழுவதும் பேட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள்ளும் பிரேக் ஆயிலுக்குள்ளும் ஏறும். டாட் 4 வகை ஆயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஓட்டத்தின் முடிவில் சமதளத்தில், கியரை மட்டும் பார்க்கில் போட்டு, கைப்பிரேக்கைத் தொடாமல் நிறுத்தினேன். தம்பி துப்பாக்கியை ஆரங்களுக்கு இடையே நீட்டினான்: முன்பக்கம் இடது 118, வலது 121, பின்பக்கம் இரண்டும் 90-க்குக் கீழே. இடதும் வலதும் இவ்வளவு நெருக்கமாக இருந்தது எனக்கு மற்ற எதையும்விட நிம்மதியளித்தது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சூடாக இருந்தால், காலிப்பர் ஒழுங்காக விடுபடவில்லை என்று பொருள்.

முற்றிலும் ஆறிய பிறகு டார்ச் விளக்குடன் குனிந்து பார்த்தேன். புதிதாக இருந்தபோது டிஸ்க்கின் முகத்தில் கார்பன் இழைத் துண்டுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெளிவாகத் தெரிந்தன. இப்போது அதன்மேல் மூச்சுக்காற்று பட்டு மங்கிய கண்ணாடி போல், சீரான கருஞ்சாம்பல் படலம். முதல் விடியலுக்குப் பிறகு இதே இடத்தில் பேட்டின் அச்சு, ஓரங்கள் கூர்மையாக, முத்திரை குத்தியது போல் தெரிந்தது. இப்போது அந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. கவனித்துப் பார்த்தால் மிக லேசான நிழல் ஒன்று இன்னும் இருக்கிறது. கைக்கும் காலுக்கும் அது தெரியவில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது 4,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பெடல் குறுகலான தூரத்திலேயே பேசுகிறது. எவ்வளவு மிதிக்கிறேனோ அவ்வளவு நிற்கிறது. சக்கரங்களில் கரித்தூள் மிகக் குறைவாகவே படிகிறது. காரைக் கழுவிய மறுநாள் இரும்பு டிஸ்க்கில் தெரியும் துரு இங்கே இல்லை. ஆனால் கழுவிய உடனேயும் கனமழையிலும், டிஸ்க்கின் மேல் நிற்கும் நீர்ப்படலத்தால் முதல் மிதிப்பு அரை நொடி தாமதமாகப் பிடிக்கிறது. பழகிய பிரேக்கிலும் இது போகாது. கழுவிவிட்டுக் கொட்டகைக்குள் விடும் முன் இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்து உலர்த்திக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. சக்கரம் கழுவ அமிலம் கலந்த திரவங்களைப் பயன்படுத்துவதில்லை.

பழக்குவதைவிடப் பெரிய ஆபத்து சக்கரத்தைக் கழற்றும்போது இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த டிஸ்க் வெப்பத்துக்கு அஞ்சாது, ஆனால் ஓரத்தில் விழும் ஓர் அடிக்கு அஞ்சும். கழற்றும் நேரத்தில் கனமான சக்கரம் நழுவி டிஸ்க்கின் விளிம்பில் இடித்தால், பீங்கான் பாத்திரத்தின் விளிம்பு போல் சில்லு பெயரலாம். போல்ட்டால் சக்கரத்தைப் பூட்டும் கார்களில், மேல் துளையில் ஒரு நீண்ட வழிகாட்டிக் கம்பியைத் திருகிவிட்டு, அதன் மேல் வழுக்கியே சக்கரத்தை எடுக்கவும் மாட்டவும் வேண்டும். பஞ்சர் பார்ப்பவரிடம் இதைச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நிற்பேன். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

டிஸ்க்கின் நடுவில் இருக்கும் உலோகக் கிண்ணத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது: குறைந்தபட்ச எடை. இரும்பு டிஸ்க்கின் ஆயுளைத் தடிமனால் அளப்போம். செராமிக் டிஸ்க் தடிமனில் பெரிதாகக் குறையாது. மிகையான வெப்பத்தில் அதன் கார்பன் காற்றுடன் சேர்ந்து மெல்ல எரிந்து போவதால் எடைதான் குறையும். அதனால் கழற்றித் தராசில் வைத்தே முடிவு செய்கிறார்கள். சாலையில் மட்டும் ஓடும் காருக்கு அந்த நாள் வெகுதொலைவில் இருக்கும். பேட் அதற்கு முன்பே தீரும். புதிய பேட் என்றால் மீண்டும் பச்சைப் பிசின், மீண்டும் அதே படலம், மீண்டும் ஒரு விடியல். கையேட்டின் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், கிலோமீட்டர் கணக்குக்குப் பக்கத்தில், "முதலில் ஆட்டோ ஹோல்டை அணை" என்று தம்பி பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்.